பக்கத்து வீட்டில் சாப்பிட்ட மின்சுற்று

சென்ற வாரம் உங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் உரையாற்றி முடித்தபின் உங்களில் ஒருவர் எழுந்து, என் முதுநிலை ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் மட்டும் ஏன் வேறு தட்டச்சு எழுத்தில் இருக்கிறது என்று கேட்டார். நேரம் போதவில்லை என்று சொல்லிவிட்டு அமர்ந்தேன். நேரம் இருந்தது. பதில்தான் ஆயத்தமாக இல்லை. நூலகத்தின் அடித்தட்டிலிருந்து அந்த ஏட்டை எடுத்துப் படித்த ஒருவர் உங்களிடையே இருக்கிறார் என்பதில் எனக்குப் பெருமையே. ஆனால் படிப்பவர் ஊகிக்கவும் செய்வார். என்னைப் பற்றிய ஊகங்களை நான் ஒருபோதும் விரும்பியதில்லை. ஆகவே நடந்ததை நானே எழுதித் தருகிறேன். சுற்றுக்கு விட்டு, படித்தபின் கோப்பில் வைத்துவிடுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கிள்ளான் துறைமுகத்தையொட்டிய கிடங்கு ஒன்றின் வாயிலில் நாள்தோறும் எத்தனை லோரிகள் நுழைகின்றன என்பதை ஆள் வைக்காமல் எண்ண வேண்டும். இதுவே எங்கள் துறைக்கு வந்த வேலை. வாயிலின் ஒருபுறம் விளக்கு, மறுபுறம் ஒளியுணர்வி. லோரி குறுக்கே கடக்கையில் ஒளி மறையும். மறையும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஒன்று கூடும். ஒளியுணர்வி எனக்கு முன்பிருந்த மாணவரின் ஆக்கம். அதற்குத் தனி மின்சாரம் உண்டு. எண்ணும் சுற்று என்னுடையது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்கலத்தில் அது ஓராண்டு ஓட வேண்டும் என்பது நிபந்தனை.

சுற்று எவ்வளவு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும் என்று முதலில் தாளில் கணக்கிட்டேன். பிறகு அதை அமைத்து, அளவியை இணைத்துப் பார்த்தேன். அளவியின் ஊசி பூச்சியத்தைவிட்டு நகர மனமில்லாமல் சற்றே நகர்ந்து நின்றது. கணக்கில் வந்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த இடத்தில் உங்களைச் சற்று நிறுத்துகிறேன். ஊசி பத்து மடங்கு கூடுதலாகக் காட்டியிருந்தால் நான் ஒரு மாதம் உட்கார்ந்து பிழையைத் தேடியிருப்பேன். குறைவாகக் காட்டியதால் மூன்று வாரம் உட்கார்ந்து அதற்கு விளக்கம் எழுதினேன். அவ்விளக்கமே முதலில் எழுதப்பட்ட ஐந்தாம் அத்தியாயம். மொழிநடையில் இன்றும் அதில் குறை காண முடியாது. பழைய கணக்குமுறை என் சுற்றின் புதுமையை அளக்கப் போதாது என்பது அதன் சாரம்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு சீனர். சொல்லைச் செலவழிக்கத் தயங்குபவர். அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "உறுதிதானா?" என்று மட்டும் கேட்டார். "உறுதி" என்றேன். ஆய்வேடு கறுப்பு அட்டையில் பொன்னெழுத்துடன் நூலாகக் கட்டப்பட்டது. துறையில் விரிவுரையாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்தால் அது எனக்கே என்று சொல்லப்பட்டிருந்தது. ரயில்வே அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற என் தந்தையார், பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த தெரு முழுவதும் அதை அறிவித்துவிட்டிருந்தார். கோயிலில் அர்ச்சனைக்கும் சொல்லியாயிற்று.

வெளிநாட்டிலிருந்து தேர்வாளர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில், கருவியை அவருக்கு இயக்கிக் காட்டுவதற்காகச் செயல்விளக்க மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். உதவிக்கு வந்தவர் சரோஜா. எங்கள் ஆய்வுக்கூடத்தின் தொழில்நுட்ப உதவியாளர். என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். அதற்கு முன்பு சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆறாண்டுகள் சிப்புகளைச் சோதித்தவர். நான் அவரை 'மிஸ் சரோஜா' என்றே அழைப்பேன். என் சுற்றை எவரும் தொடக்கூடாது என்பது நான் விதித்திருந்த விதி. ஈயப் பற்றவைப்பு முழுவதையும் நானே செய்திருந்தேன். அன்று விளக்கைப் பிடித்துக்கொள்ள மட்டும் அவரை அனுமதித்தேன்.

ஓர் அட்டையை லோரியாகப் பாவித்து ஒளிக்குக் குறுக்கே வீசினேன். தனி மின்சாரத்தில் ஓடும் காட்சிப் பலகையில் எண்கள் ஏறின. நானூற்றுப் பன்னிரண்டு வரை வீசினேன். பிசகவில்லை.

"நல்லாத்தான் எண்ணுது," என்றார் சரோஜா. "சார், ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்கள்."

"லோரி கேட்டுல நின்னுட்டா?"

"லோரிகள் கடந்து செல்லும், மிஸ் சரோஜா. அதற்குத்தான் வாயில்."

"எங்க அண்ணன் கிள்ளான்ல லோரி ஓட்டுறாரு சார். ஒரு கேட்டுலயும் நிக்காம போனதில்ல. கார்டுகிட்ட பேப்பர் காட்டணும், அவன் சாப்பிட்டியா, என்ன கறின்னு கதை பேசுவான், இவரு இறங்கி ஒரு டீ குடிப்பாரு. லோரி அப்படியே குறுக்க நிக்கும் லா."

"அதனால் என்ன? ஒரு லோரி, ஒரு மறைப்பு. எண்ணிக்கை ஒன்றுதான் கூடும்."

"சரி சார். அப்ப நாமளும் டீ குடிச்சிட்டு வருவோம்," என்று சொல்லி, அட்டையை ஒளியின் குறுக்கே சாய்த்து வைத்துவிட்டுக் கேண்டீனுக்கு நடந்தார். எனக்கும் தேநீர் தேவைப்பட்டது.

திரும்பி வந்து அட்டையை எடுத்தோம். பலகை ஏழு என்று காட்டியது.

காட்சிப் பலகையின் கோளாறு என்றேன். அதை மாற்றினோம். மீண்டும் நூறு வரை வீசி, அட்டையைச் சாய்த்துவைத்துக் காத்திருந்தோம். இம்முறை முப்பத்திரண்டு. அட்டை சாய்த்துவைக்கப்பட்ட விதம் சரியில்லை என்றேன். சரோஜா அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அளவியின் ஊசியைக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. பாட்டரியப் புடுங்குங்க."

"எதற்கு?"

"சும்மா புடுங்குங்களேன்."

பிடுங்கினேன். அவர் அட்டையை வீசினார். முப்பத்துமூன்று. முப்பத்துநான்கு. முப்பத்தைந்து. மின்கலம் என் கையில் இருந்தது. சுற்று எண்ணிக்கொண்டிருந்தது.

இனி நான் எழுதப்போவதை இதுவரை எவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. ஏறத்தாழ அரை நிமிடம், மின்சாரமே தேவைப்படாத ஒரு மின்சுற்றை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நம்பினேன். உலகம் என்னை எவ்வாறு வரவேற்கும் என்றுகூட எண்ணத் தொடங்கிவிட்டேன். முதல் வகுப்பில் தேறியவன் நான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது பக்கத்து வீட்டுல சாப்பிடுது சார். அதான் சொந்த வீட்டு அரிசி குறையவே இல்ல."

"விளக்கமாகச் சொல்லுங்கள்."

"ஃபேக்டரில நாங்க அப்படித்தான் சொல்லுவோம். சில சிப்புக்கு கரண்ட் வர்ற கால்ல கம்பி ஒட்டியிருக்காது. செத்துதான் கிடக்கணும், ஆனா சாகாது. பக்கத்துக் கால்ல சிக்னல் வருது பாருங்க, அதுலேருந்து உறிஞ்சி வேலை செய்யும். பாத்தா டெஸ்ட்ல பாஸ் ஆன மாதிரியே இருக்கும். சிக்னல நிறுத்தினா கொஞ்ச நேரத்துல பசியில மயங்கிரும். அப்ப கணக்கெல்லாம் மறந்து போயிரும். புது பொண்ணுங்க எல்லாரும் இதுல ஏமாறுவாங்க."

சிப்பின் நுழைவுக் கால்களில், அதைக் காப்பதற்கென்று வைக்கப்பட்ட ஒரு குறுக்குவழி உண்டு. சொந்த மின்சாரம் வராதபோது, நுழைவில் வரும் சமிக்ஞை அவ்வழியே புகுந்து சிப்பை உயிருடன் வைத்திருக்கும். பாடநூலில் ஒரு பத்தியாக நான் அதைப் படித்திருந்தேன். ஒளி விழும் நேரமெல்லாம் ஒளியுணர்வி என் சுற்றுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஒளி நெடுநேரம் மறைந்தால் பட்டினி. நான் அட்டையை வேகமாக வீசியதால் அந்தப் பட்டினி ஒருநாளும் வெளிப்படவில்லை.

சரோஜா ஊசிமுனை ஒன்றை எடுத்து மின்கலக் கம்பி சுற்றுப்பலகையைத் தொடும் இடத்தில் நெம்பினார். கம்பி பற்றவே இல்லை. ஈயம் அதன்மேல் அழகாகக் கவிந்திருந்ததே தவிர ஒட்டவில்லை. பற்றவைக்கும்போது மிஞ்சிய பிசினின் ஈரம் வழியே கசிந்த சிறு மின்னோட்டத்தைத்தான் என் அளவி காட்டியிருக்கிறது. இருபத்திரண்டு பக்க அத்தியாயம் அந்தப் பிசினைப் பற்றியது.

அவர் அந்த இணைப்பைச் சுரண்டிவிட்டு மீண்டும் பற்றவைத்தார். மின்கலத்தை மாட்டியதும் அளவியின் ஊசி எழுந்து, முதன்முதலில் நான் தாளில் கணக்கிட்ட இடத்திலேயே நின்றது. அவ்வளவு துல்லியமாக என் கணக்கு வந்ததை அதற்கு முன்பும் பின்பும் நான் கண்டதில்லை.

பேராசிரியரிடம் சென்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தேர்வைத் தள்ளிவைக்கலாம். அல்லது உள்ளே போனதும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லலாம். மூன்றாவது வழியும் இருக்கிறது, அதை நான் கேட்க விரும்பவில்லை. எதுவானாலும் நீயே முடிவு செய் லா," என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட மிக நீண்ட பேச்சு அதுவே.

மூன்றாவது வழியை மாலையில் தந்தையார் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. கோலாலம்பூரிலேயே பிறந்தும் அவர் பேச்சு அப்படியே இருந்தது.

"வாறவர் லோரியை நிப்பாட்டிப் பார்ப்பாரோ?"

"பார்க்கமாட்டார் அப்பா."

"அப்ப ஏன் நீ வாய் திறக்கிறாய்? முதல்ல பட்டத்தை எடு. பிறகு ஆறுதலாய்த் திருத்தலாம்."

அவர் சற்று யோசித்தார்.

"இல்லை, சொல்லத்தான் வேணுமெண்டால், அந்த உதவிக்கு நிக்கிற பிள்ளை பத்தவைச்சது பிழைச்சுப்போச்சு எண்டு சொல்லிவிடன். ஆர் போய்க் கேக்கப்போகினம்?"

என் தந்தையார் நேர்மையானவர். முப்பதாண்டு அரசுப் பணியில் ஒரு கரும்புள்ளி இல்லாதவர். மகனின் பெயரைக் காக்கும் பதற்றத்தில் அவரே அப்படிப் பேசினார் என்பதை, இத்தகைய நேரங்களில் மனம் எவ்வளவு தூரம் போகும் என்று நீங்கள் அறிவதற்காகவே எழுதுகிறேன். என் மனமும் அன்று அவ்வழியில் கொஞ்சதூரம் போய்த் திரும்பியது என்பதை மறைக்கவில்லை.

தேர்வு நாளன்று செயல்விளக்க மேசையைத் தேர்வறைக்குள் கொண்டுபோய் வைத்தோம். சரோஜா வெளியே நடைபாதையில் நின்றார். தேர்வாளர் உயரமானவர், நரைத்த புருவம், என் ஏட்டின் பக்கங்களுக்கிடையே காகிதத்துண்டுகள் செருகியிருந்தார். ஐந்தாம் அத்தியாயத்தில் ஏராளமான துண்டுகள். பாராட்டவா, பிழை பிடிக்கவா என்று அறிய வழியில்லை.

அவர் வாய் திறக்குமுன் நான் எழுந்து நின்றேன். "ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவு தவறு. முந்தாநாள்தான் தெரிந்தது," என்றேன். ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பத்து வாக்கியங்கள் இருந்தன. ஒன்றும் வரவில்லை.

"என்ன தவறு?" என்றார்.

"சுற்று…" என்று தொடங்கி நின்றேன். பிறகு என்னையறியாமல் வந்தது: "சுற்று பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, ஐயா."

பேராசிரியர் கூரையைப் பார்த்தார். தேர்வாளரின் புருவங்கள் மெல்ல உயர்ந்தன. நான் மின்கலத்தைப் பிடுங்கி, பற்றவைப்பையும் மீண்டும் விடுவித்து, அட்டையை வீசிக் காட்டினேன். எண்கள் ஏறின. பின் அட்டையைக் குறுக்கே வைத்தேன். மூவரும் அரை நிமிடம் ஓர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எடுத்தேன். எண்ணிக்கை அழிந்திருந்தது.

தேர்வாளர் சிரிக்கத் தொடங்கினார். பெரிய உடம்பு, மேசையில் இருந்த தண்ணீர்க் குவளை நடுங்கிற்று. சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்தக் கம்பியைப் பற்றவைத்தது யார்?"

அந்தக் கேள்விக்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தை அவர் கவனித்திருக்கக்கூடும். அதிகமில்லை, ஒரு மூச்சு.

"நான்தான்."

"இதைக் கண்டுபிடித்தது?"

இதற்கு மூச்சு விடும் நேரமும் எடுக்கவில்லை. "நடைபாதையில் நிற்கிறார்."

சரோஜாவை உள்ளே அழைத்தார்கள். அவர் கைகளைப் பாவாடையில் துடைத்தபடி வந்து நின்றார். சுங்கை வே தொழிற்சாலையில் கற்ற ஆங்கிலத்தில், எதற்கும் தயங்காமல், எந்தக் காலில் கம்பி விட்டிருந்தால் எந்தக் கால் ஊட்டும், எவ்வளவு நேரத்தில் மயங்கும், எப்படிப் பிடிப்பது என்று பத்து நிமிடம் பேசினார். தேர்வாளர் குறிப்பேட்டைத் திறந்து எழுதிக்கொண்டார். என் ஏட்டுக்கு அவர் குறிப்பேட்டைத் திறந்ததாக நினைவில்லை.

"இது அடிக்கடி நடக்குமா?" என்றார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் ரொம்ப நடக்கும் சார்," என்றார் சரோஜா. "எல்லாருக்கும் வீட்டுக்குப் போற அவசரம்."

பேராசிரியர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முடிவு இதுதான். ஐந்தாம் அத்தியாயத்தை நீக்கிவிட்டு, மின்கலம் இல்லாமல் உயிர்வாழும் சுற்றை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு புதிய அத்தியாயம் எழுதித் தர வேண்டும். மூன்று மாதம் அவகாசம். பட்டம் உண்டு. புதிய அத்தியாயத்தைத் தட்டச்சு செய்தபோது பழைய இயந்திரம் பழுதாகியிருந்தது; உங்கள் தோழர் கண்டுபிடித்த எழுத்து வேறுபாட்டுக்கு அவ்வளவுதான் காரணம். அந்த ஏட்டில் பிற்காலத்தில் வெளியாட்கள் நகல் கேட்டு எழுதிய ஒரே அத்தியாயமும் அதுவே. முதல் பக்க அடிக்குறிப்பில் சரோஜாவின் முழுப்பெயர் இருக்கிறது. இனி எடுத்துப் படிப்பவர்கள் அதையும் படியுங்கள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஓர் எண் உங்களை மகிழ்விக்கும்போது, அதை உருவாக்காத ஒருவரை அழைத்து மின்கலத்தைப் பிடுங்கச் சொல்லுங்கள். உங்கள் கை பிடுங்காது. என் கை பிடுங்கவில்லை.

தேர்வறையைவிட்டு வெளியே வந்ததும் நன்றி சொல்வதற்காக வாய் திறந்தேன். சரோஜா இடைமறித்தார்.

"என் பேர எதுக்கு சார் இழுத்தீங்க? மேசையத் தொடக்கூடாதுன்னு சொன்ன ஆளு. இப்ப இந்தப் பொண்ணு வேலைய விட்டுட்டு சார் மேசையிலயே நிக்குதுன்னு ஆபீஸ்ல கேக்கமாட்டாங்களா?"

"நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், மிஸ் சரோஜா."

"அது இருக்கட்டும். மொதல்ல இங்க வாங்க."

என்னை ஆய்வுக்கூடத்துக்கு இட்டுச் சென்று நாற்காலியைக் காட்டினார். வெற்றுச் சுற்றுப்பலகை ஒன்றையும், பத்துத் துண்டுக் கம்பியையும், சூடேறிய பற்றவைப்புக் கோலையும் முன்னால் வைத்தார். "பத்து ஜாயிண்ட் போடுங்க. நான் பாக்குறேன்." நடைபாதையில் போனவர்கள் கண்ணாடிக் கதவு வழியே எட்டிப்பார்த்தார்கள். சற்றுமுன் பட்டம் உறுதியானவன், கோட்டும் கழுத்துப்பட்டையுமாகக் குனிந்து ஈயம் உருக்கினேன். முடித்ததும் அவர் ஊசிமுனையால் ஒவ்வொன்றாக நெம்பினார். முதலாவது கழன்றது. இரண்டாவதும் கழன்றது. விழுந்த கம்பிகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே போனார்.

"மூணு தேறுது சார்," என்றார்.

நான் கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு இன்னொரு பலகை கேட்டேன்.